மலையேறலாம் வாங்க: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பள்ளியில் படிக்கும் என் மகளுக்குப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள ஆசை. பொங்கல் விடுமுறையை ஒட்டி ஐந்து நாள் உத்தராகண்டில் இருக்கும் ஔலிக்குப் போகலாமா? அடிக்கடி ஏற்காடு போகிறோம். அந்தப் பழக்கம் போதுமா?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: ஐந்து நாளில் வேண்டாம் அம்மா. ரிஷிகேஷிலிருந்து, ஔலிக்குக் கீழே இருக்கும் ஜோஷிமட் ஊருக்கு மட்டுமே சுமார் 250 கிலோமீட்டர். மலைச்சாலை என்பதால் ஒரு பகல் முழுவதும் ஆகும். இரவில் அதில் போகவே கூடாது. சேலத்திலிருந்து டெல்லி, ஹரித்வார் என்று ரயில் மாறிப் போகும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். கற்றுக்கொள்ளத் துடிக்கும் பிள்ளையைக் காலில் சறுக்குப் பலகை மாட்டிப் படம் எடுத்துத் திரும்ப அழைத்துவருவது அநியாயம். பத்து நாளாவது கிடைக்கிற ஆண்டில் போங்கள். ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும் பனிக்கு ஏற்றவை.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்தான். ஔலியின் சரிவுகள் 2,500 மீட்டரில் தொடங்கி 3,000 வரை போகின்றன. அந்த உயரத்தில் சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். ஆகவே முதல் இரவு, 1,900 மீட்டர் அளவில் இருக்கும் ஜோஷிமட்டில் தங்குங்கள். 108 திவ்ய தேசங்களில் திருப்பிரிதி என்று போற்றப்படும் தலம் அதுதான். நரசிம்மரைச் சேவித்துவிட்டு மேலே ஏறலாம்.

2023 ஜனவரியில் நிலம் உள்வாங்கி, நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல்விட்ட ஊர் அது. அங்கிருந்து ஔலிக்குப் போய்வந்து, அப்போது நிறுத்தப்பட்ட ரோப்காரை நம்பித் திட்டம் போடாதீர்கள். சாலை வழியே போய்விடலாம். ஊர்க்காரர்கள் நடத்தும் விடுதியில் தங்கி, உள்ளூர்ப் பயிற்சியாளரையே அமர்த்துங்கள். உங்கள் பணம் அந்த மக்களுக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஏற்காட்டுப் பழக்கமும் வீணில்லை. காரில் போகாமல், ஏரிக்கரையிலிருந்து சேர்வராயன் கோயில் வரை மகளை நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முக்கியம். முழங்காலைச் சற்று மடக்கி, உடலை முன்னே சாய்த்து இறங்கும்போது உழைக்கும் தொடைத் தசைகள்தான் சறுக்கும்போதும் உழைக்கும். பனியில் பயந்தவர்கள் பின்னால் சாய்வார்கள். பலகை பிடிக்கு அடங்காமல் ஓடிவிடும். பலகைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை அகற்றினால் வேகம் குறையும். முதல் நாள் பாடம் இதுவே.

பூட்ஸ், பலகை, கோல்கள் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி நனைந்தால் உடம்பு சில்லிட்டுவிடும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

கேள்வி: ஔலிக்குப் போன நேரத்தில் பனி இல்லாவிட்டால்?
– வாசகர், அயோத்தியாப்பட்டணம்

பதில்: கோர்சன் புக்யால் என்ற மலைப் புல்வெளிக்கு நடங்கள். ஔலியிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர். ஓக் மரக்காட்டைத் தாண்டியதும் புல்வெளி விரியும். வானம் தெளிந்திருந்தால் 7,816 மீட்டர் உயர நந்தாதேவி சிகரம் நேர் எதிரே நிற்கும். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், மதியத்துக்குமேல் மேகம் மூடிவிடக்கூடும்.