வெளிச்சம் வேண்டாத பவளத்துக்குத் தீனி வேண்டாமா? வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: சிங்கப்பூரின் தெம்பனிஸில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு கடையில் ஆரஞ்சு நிறச் சூரியப் பவளம் ஒன்றை 68 வெள்ளிக்கு வாங்கினேன். "இதற்கு விளக்கு வெளிச்சமே தேவையில்லை, வளர்ப்பது சுலபம்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பித்தான் வாங்கினேன். இதுவரை அது ஓரிரு முறைதான் மலர்ந்திருக்கிறது. இப்போது சதை சுருங்கி, குழல்களுக்கு இடையே வெள்ளை எலும்பு தெரிகிறது. அதைக் காப்பாற்ற முடியுமா? கடையில் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: பணத்தைப் பிறகு பார்ப்போம், பவளத்துக்குத்தான் அவசரம். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. தொட்டிகளில் வளர்க்கப்படும் பெரும்பாலான பவளங்களின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் தயாரிக்கும் உணவில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. சூரியப் பவளத்துக்கு அந்தப் பாசி இல்லை. ஆகவே விளக்கு தேவையில்லை என்பது சரி. ஆனால் அதே காரணத்தால் பல வாய்கள் கொண்ட அதன் ஒவ்வொரு வாய்க்கும் நீங்கள்தான் உணவு கொடுக்க வேண்டும் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் விவரித்திருக்கும் அறிகுறிகளைப் பார்த்தால், உங்கள் பவளம் நோயால் வாடவில்லை, பட்டினி கிடக்கிறது என்றே தோன்றுகிறது.

இன்று இரவே தொடங்குங்கள். தொட்டி விளக்கை அணைத்த பிறகு, மைசிஸ் என்ற சிற்றிறாலின் உறைந்த கட்டி ஒன்றை ஒரு கோப்பைத் தொட்டி நீரில் கரையவிடுங்கள். அலை உண்டாக்கும் பம்பை நிறுத்திவிட்டு, அந்தக் கோப்பையின் கலங்கல் நீரில் சிறிதளவைப் பவளத்தின் மேல் மெல்ல விடுங்கள். பதினைந்து இருபது நிமிடங்களில் வாசனை பிடித்து வாய்கள் உப்பத் தொடங்கும்; நல்ல நிலையில் உள்ள பவளமாக இருந்தால் மஞ்சள் கைகள் வெளியே நீளும். பிறகு, ரப்பர் குமிழ் வைத்த நீண்ட உறிஞ்சுகுழலால், ஒரு வாய்க்கு ஒரு துண்டு என்று வைத்துக்கொண்டே போக வேண்டும். எல்லா வாய்களையும் ஒரே சதைப்பரப்பு இணைத்தாலும், ஒன்றுக்குக் கொடுத்தது மற்றவற்றுக்கும் போதிய அளவு போய்ச் சேரும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

உங்கள் பவளம் மலரவே மறுக்கும் நிலையில் இருப்பதால் இன்னொரு உபாயம் தேவைப்படும். குடிநீர் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, மூடியைக் கழற்றிய மேற்பாகத்தைப் பவளத்தின் மேல் கூடை கவிழ்ப்பதுபோல் கவிழ்த்து, பாட்டிலின் வாய்வழியாக உணவை இறக்குங்கள். அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். துப்புரவு இறால் வளர்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். பவளத்தின் வாய்க்குள் போன துண்டையே அந்த இறால் கையை விட்டு இழுத்துத் தின்றுவிடும். தேறும்வரை நாள்தோறும், தேறிய பிறகு வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறையேனும் ஊட்ட வேண்டும். ஈரச் சந்தையில் வாங்கிய பச்சை இறாலை நன்றாகக் கழுவி, அரிசி அளவுக்கு நறுக்கிக் கொடுத்தாலும் போதும். விலையுயர்ந்த உணவுதான் வேண்டுமென்பதில்லை. எலும்பு தெரியும் இடத்தில் சதை மீண்டும் படர வாய்ப்பு உண்டு, ஆனால் வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

இத்தனை உணவு விழும் தொட்டியில் நீர் கெடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மிச்சத்தை அன்றே உறிஞ்சி எடுப்பதும், நுரை பிரிக்கும் ஸ்கிம்மரை ஒழுங்காக ஓட்டுவதும், வாரந்தோறும் பத்து விழுக்காட்டுக்குக் குறையாமல் நீர் மாற்றுவதும் கட்டாயம். சிங்கப்பூர்க் குழாய்நீரில் எளிதில் ஆவியாகாத குளோரமின் என்ற கிருமிநாசினி கலந்திருப்பதால், ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தால் சரியாகிவிடும் என்ற பழைய வழக்கம் இங்கே பலிக்காது; கரி வடிகட்டியும் அயனி நீக்கும் பிசினும் சேர்ந்த ஆர்.ஓ. கருவியின் நீரிலேயே உப்பைக் கரைக்க வேண்டும். உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35, வெப்பம் 25 அல்லது 26 டிகிரி என்று நிலையாக இருக்கட்டும். நம் ஊர் வெயிலில் குளிரூட்டி இல்லாமல் இந்த வெப்பநிலையைப் பிடித்து வைப்பது கடினம். ஆக, 68 வெள்ளி என்பது நுழைவுச்சீட்டு மட்டுமே. முப்பது வாய்கள் உள்ள பவளத்துக்கு ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் ஆகும் என்று விலைச்சீட்டில் யாரும் எழுதுவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், வீட்டில் இப்படி வாடும் இதே இனத்துப் பவளங்கள் பிரேசில் கடற்கரையிலும் கரீபியன் கடலிலும் எண்ணெய்த் துரப்பண மேடைகளிலும் பாறைகளிலும் அந்நிய ஆக்கிரமிப்பு இனமாகப் பெருகித் தொல்லை கொடுக்கின்றன. அங்கே நீரோட்டம் இரவு பகலாக வாயருகே உணவைக் கொண்டுவந்து சேர்க்கிறது. உங்கள் தொட்டியில் அந்த வேலை உங்களுடையது.

இனி பணம். வீட்டில் பட்டினியால் வாடிய உயிருக்குக் குறைபாடுள்ள பொருள் என்று இழப்பீடு கேட்பது எளிதன்று. ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறைபாடு, பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகக் கருதப்படும் என்று 2012-இல் நடப்புக்கு வந்த விதி சொன்னாலும், பொருளின் தன்மைக்கு அது பொருந்தாவிட்டால் செல்லாது. ஆனால் "வளர்ப்பது சுலபம்" என்றதோடு நிறுத்தாமல், "தீனி போடவே வேண்டாம்" என்றும் கடையில் எழுத்தில் சொல்லியிருந்தால் கதையே வேறு. பொய்யான தகவல் கொடுத்து விற்பது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிகச் செயல். குறுஞ்செய்தியோ ரசீதோ இருந்தால் எடுத்துக்கொண்டு முதலில் கடையிலேயே பேசுங்கள். பிறகு பயனீட்டாளர் சங்கம், அதற்கும் பிறகு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். இரண்டு ஆண்டுகளுக்குள் போகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. 68 வெள்ளிக்காக நான் போக மாட்டேன். கடையில் கடன்சீட்டு தந்தால் வாங்கிக்கொண்டு, அதில் மைசிஸ் வாங்குவேன்.

கேள்வி: பூந்தொட்டிப் பவளம், கார்னேஷன் பவளம் இரண்டும் ஒரே கடையில் விற்பனைக்கு உள்ளன. எல்லாப் பவளங்களுக்கும் ஏற்றது என்று ஒரு புட்டி உணவையும் பரிந்துரைக்கிறார்கள். எதை வாங்கலாம்? (வாசகர், யீஷூன்)

பதில்: கார்னேஷன் பவளத்தை வாங்காதீர்கள். சிவப்பும் இளஞ்சிவப்புமாகக் கண்ணைப் பறிக்கும். ஆனால் அதற்கும் உள்ளே பாசி இல்லை. அதன் வகையைச் சேர்ந்த ஒரு பவளம் நீரில் மிதக்கும் நுண்ணிய தாவர உயிரிகளைத் தின்றே வாழ்கிறது என்பதைச் செங்கடலில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 1995-இல் காட்டியது. அந்த நுண்ணுணவை நாள் முழுதும் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தும் நீரைக் கெடாமல் வைத்திருப்பது அனுபவசாலிகளுக்கே பெரும்பாடு. சில வாரங்களில் சுருங்கிக் கரைந்துபோவதுதான் வழக்கமாக நடப்பது.

பூந்தொட்டிப் பவளத்தின் நிலை முன்பு போல் இல்லை. ஒரு காலத்தில் கடலிலிருந்து நேரே பிடுங்கி வந்தவை ஓராண்டைத் தாண்டுவதே அபூர்வமாக இருந்தது. இப்போது பண்ணையில் வளர்த்துத் துண்டாக விற்பவை கிடைக்கின்றன. அவற்றிலும், நீண்ட தண்டுள்ள பச்சையைவிடச் சிவப்பு வகைகள் நிலைத்து நிற்கின்றன என்பதே வளர்ப்பவர்கள் பலரின் அனுபவம். பண்ணையில் வளர்ந்ததா என்று கேளுங்கள். அடிப்பகுதியில் பழுப்பு நிறக் கூழ் ஒட்டியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். முடிந்தால் முன்பணம் கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் கடைத் தொட்டியிலேயே இருக்கட்டும் என்று கேளுங்கள். மறுக்கும் கடைக்காரர் தம் சரக்கைப் பற்றி உங்களுக்கு ஒரு தகவலைச் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். இதற்கு வெளிச்சமும் வேண்டும், வாரத்துக்குச் சில முறை மிக நுண்ணிய தூள் உணவும் வேண்டும்.

புட்டியைப் பொறுத்தவரை, எல்லாப் பவளங்களுக்கும் ஏற்ற உணவு என்று ஒன்று இல்லை. சூரியப் பவளம் விழுங்கும் இறால் துண்டு கார்னேஷனின் வாய்க்குள் நுழையாது. கார்னேஷன் தின்னும் நுண்பாசி கலந்த பச்சை நீரால் சூரியப் பவளத்தின் பசி ஆறாது. துகளின் அளவு மைக்ரானில் அச்சிடப்பட்டிருக்கிறதா, காலாவதி நாள் இருக்கிறதா, கடையில் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்களா என்று பாருங்கள். உயிருள்ள நுண்பாசி என்று விற்பதைத் திறந்தால் கடல்வாடை வீச வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது செத்துப் பல நாளாகிறது.

கேள்வி: விடுமுறைக்குச் சென்னை போகும்போது, என் தொட்டியில் வளர்ந்த சூரியப் பவளத்தின் ஒரு துண்டைத் தம்பிக்கு எடுத்துச் செல்லலாமா?

பதில்: வேண்டாம். கல்போன்ற எலும்புள்ள பவளங்கள் அனைத்தும் அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வாணிப உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. ஏற்றுமதி அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை கடக்கக் கூடாது. இந்தியாவோ 2001-இலேயே இவற்றை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே அட்டவணையில், சேர்த்துவிட்டது. உயிர் போன வெறும் எலும்புத் துண்டுக்கும் இந்தக் கட்டுப்பாடு பொருந்தும். துண்டு அதிகமாகிவிட்டதென்றால் இங்கேயே தொட்டி வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது எத்தனை வாய்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊட்டுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.