சென்ட்ஓஎஸ் 7 சர்வரையும் அலுவலகக் கணினிகளையும் டெபியனுக்கு மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். இரண்டுமே லினக்ஸ் இயங்குதளங்கள்தான். சென்ட்ஓஎஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30-ஓடு நின்றுவிட்டன. அதை இன்னமும் இணையத்தில் திறந்து வைத்திருப்பதுதான் ஆபத்து.

சென்ட்ஓஎஸ்ஸுக்கு மாற்றாக வந்த ஆல்மா, ராக்கி லினக்ஸ்கள் இரண்டும் நல்லவைதான், பழகிய கட்டளைகளோடே போகலாம். ஆனாலும் என் ஓட்டு டெபியனுக்கு. 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பித்தான் பலர் சென்ட்ஓஎஸ் 8-க்குப் போனார்கள். 2020 டிசம்பரில் அதை அடுத்த ஆண்டுக் கடைசியோடு முடித்துக்கொள்வதாக அதன் பின்னால் இருக்கும் ரெட்ஹாட் நிறுவனம் அறிவித்துவிட்டது. டெபியனை 1993 முதல் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். ஏதோ ஒரு கம்பெனி மனம் மாறியதற்காக நாம் நடுத்தெருவில் நிற்க வேண்டியதில்லை. எனக்கு இதுதான் பெரிய காரணம்.

சர்வரில் பழையதன் மேலேயே ஏற்றப் பார்க்காதீர்கள். வேறு இயந்திரத்தில் டெபியன் 13 போட்டு, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதைத் தயார் செய்யுங்கள். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் செய்தேன். மென்பொருள் நிறுவும் கட்டளை யம் போய் ஆப்ட் வருவதெல்லாம் சீக்கிரம் கைக்குப் பழகிவிடும். நேரத்தைத் தின்பது உங்கள் இணையதளத்தை ஓட்டும் பிஎச்பி நிரல்தான். சென்ட்ஓஎஸ் 7-உடன் வந்தது 5.4, டெபியன் 13-இல் இருப்பது 8.4. பழைய நிரல்களில் டேட்டாபேஸைத் தொடும் மைஎஸ்க்யூஎல்_கொயரி (mysql_query) வகைக் கட்டளைகள் பிஎச்பி 7-லேயே நீக்கப்பட்டுவிட்டன. அந்த வரிகளை முதலில் தேடி எடுத்து மாற்றுங்கள்.

டேட்டாபேஸின் கோப்புறையை அப்படியே நகலெடுக்க வேண்டாம். தரவை ஒரு கோப்பாக வெளியே எடுத்து (டம்ப்) புதியதில் ஏற்றுங்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம். சென்ட்ஓஎஸ்ஸில் வெப் சர்வர் 'அப்பாச்சி' என்ற பயனர் பெயரில் ஓடும், எண் 48. டெபியனில் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா', எண் 33. ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியில் கொண்டுவந்த கோப்புகளுக்கு உரிமையாளர் இடத்தில் வெறும் 48 என்று நிற்கும். பக்கம் திறக்கும், ஆனால் யாராவது கோப்பு ஏற்றினால் தோற்கும். சௌன் (chown) கட்டளையில் உரிமையை மாற்றினால் சரி.

மேசைக் கணினிகளில் சிக்கல் குறைவு. லிப்ரே ஆபீஸ் கூடவே வரும், தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சுக் கருவி போட்டால் போதும். பாமினியில் தட்டிய பழைய கடிதங்கள் மட்டும் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுத்துருவை நிறுவிவிட்டு, அடிக்கடி எடுக்கும் கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். எக்செல் மேக்ரோக்கள் எல்லாம் அப்படியே ஓடாது, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். டாலி பயன்படுத்தினால் அந்த ஒரு கணினியை விண்டோஸிலேயே விட்டுவிடுங்கள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் என்ற கருவியில் அதை ஓட்டிப் பார்க்கும் சோதனையைக் கணக்கரின் வேலை நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.