தடையைத் தாண்டிய டாக்டர் சகோதரிகள் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மிஷனரி கன்னியாஸ்திரிகள் அந்நிய நாடுகளில் எத்தனையோ மருத்துவமனைகளைத் தொடங்கியதாகப் படிக்கிறோம். ஆனால் ஒரு காலத்தில் அவர்கள் டாக்டர் தொழில் செய்யத் திருச்சபையே தடை விதித்திருந்தது என்கிறார் என் தோழி. எது உண்மை?

பதில்: இரண்டும் உண்மைதான். கன்னியாஸ்திரி நர்சாக இருக்கலாம். கட்டுப் போடலாம், மருந்து கொடுக்கலாம். டாக்டராகத் தொழில் செய்யவோ பிரசவம் பார்க்கவோ கூடாது. கற்பு வார்த்தைப்பாடு, அதாவது திருமணம் இல்லாமல் வாழ்வதாகக் கடவுளுக்கு வாக்குக் கொடுத்தவர்களுக்கு அது ஒவ்வாது என்று ரோமாபுரி, அதாவது போப்பாண்டவரின் தலைமையகம், கருதியது. 1936 வரை இதே நிலைதான்.

இதனால் அவதிப்பட்டவர்கள் பெண்கள். அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் ராவல்பிண்டியில் கோஷாப் பெண்கள், அதாவது அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வாழும் பெண்கள், ஆண் டாக்டர் முன்னால் வர மாட்டார்கள். பிரசவம் சிக்கலானால் தாயும் பிள்ளையும் வீட்டுக்குள்ளேயே உயிரை விட வேண்டியதுதான்.

இந்தக் கதையில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் ஆக்னஸ் மக்லாரன். ஸ்காட்லாந்துக்காரர். சொந்த ஊரான எடின்பரோவில் பெண்களுக்கு டாக்டர் பட்டம் தர மறுத்ததால், பிரான்சில் மோன்பெலியே போய்ப் படித்து 1878-ல் பட்டம் வாங்கினார். கத்தோலிக்கராக மாறியபோது வயது 61. எழுபதைத் தாண்டிய பிறகு, ராவல்பிண்டியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் புனித கத்தரீன் மருத்துவமனை உருவாக முன்னின்றார். அங்கேயே நிலைத்து வேலை செய்யும் பெண் டாக்டர்கள் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. கன்னியாஸ்திரிகளை டாக்டராக விடுங்கள் என்று கேட்டு, அவர் திரும்பத் திரும்ப ரோமாபுரிக்குப் போனார். விதி அசையவில்லை. 1913-ல் அவர் இறந்துபோனார்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். அவருடைய வாழ்க்கையைப் பற்றிய சின்னப் பிரசுரம் ஒன்று 1915-ல் மெல்பர்ன் டாக்டர் மேரி குளோரியின் கைக்குக் கிடைத்தது. நல்ல தொழிலை விட்டுவிட்டு 1920-ல் குண்டூருக்கு வந்து சேர்ந்தார். கன்னியாஸ்திரி ஆன பிறகும் மருத்துவம் பார்க்க, போப்பாண்டவரின் தனி அனுமதி அவருக்குக் கிடைத்தது. இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளைச் சேர்த்து 1943-ல் ஒரு சங்கமே தொடங்கினார்.

இன்னொருவர் ஆஸ்திரியாவின் அன்னா டெங்கல். மக்லாரனோடு கடிதத் தொடர்பு மட்டும்தான்; நேரில் பார்த்ததே இல்லை. அயர்லாந்தின் கார்க் நகரில் மருத்துவம் படித்துவிட்டு, அதே ராவல்பிண்டிக்கு 1920-ல் போனார். 1925-ல் வாஷிங்டனில் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு மருத்துவ மிஷன் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். பகிரங்கமாக வார்த்தைப்பாடு கொடுத்தால் தொழில் செய்ய முடியாது. சரி, அது இல்லாமலே சகோதரிகளாக வாழ்வோம் என்று முடிவு செய்தார்கள். விதி மாறட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை பாருங்கள், அதற்காகவே இவர்களை நான் கொண்டாடுகிறேன். 1936-ல் ரோமாபுரி தடையை நீக்கியதோடு, சகோதரிகள் மருத்துவமும் பிரசவ மருத்துவமும் படிக்க வேண்டும் என்றே ஊக்கப்படுத்தியது.

கேள்வி: இவ்வளவுக்கும் பணம் ரோமாபுரியிலிருந்து வந்ததா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பிரான்சின் லியோன் நகரில் பொலீன் ஜாரிக்கோ என்ற இளம்பெண், பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து ஆளுக்கு வாரம் ஒரு சூ வசூலித்தார். சூ என்பது அங்கே சில்லறைக் காசு. அதிலிருந்து 1822-ல் உருவான சங்கம்தான் உலகெங்கும் மிஷன்களுக்குப் பணம் அனுப்பியது. பல இடங்களில் வசதியான வீட்டுப் பிள்ளைகளின் கட்டணத்தில்தான் ஏழைப் பிள்ளைகளின் இலவசப் பள்ளி நடந்தது.

வீடு வீடாகக் கேட்டு வாங்கியவர்களும் உண்டு. இத்தாலியின் பிரான்செஸ்கா கப்ரினி 1889-ல் ஆறு சகோதரிகளோடு நியூயார்க்கில் இறங்கியபோது, வாக்களித்த வீடு தயாராக இல்லை. திரும்பிப் போய்விடுங்கள் என்றார் பேராயர். கப்ரினி போகவில்லை. அங்கே பிழைக்க வந்திருந்த ஏழை இத்தாலியர்களிடமே கையேந்தி அநாதை இல்லம் தொடங்கினார். 1917-ல் அவர் இறக்கும்போது பள்ளி, மருத்துவமனை, இல்லம் என 67 நிறுவனங்கள் இருந்தன.

கேள்வி: வட அமெரிக்காவுக்கு முதலில் போன சகோதரிகள் யார்?

பதில்: மெக்சிகோவை விட்டுவிட்டால், 1639 ஆகஸ்ட் 1-ல் இன்றைய கனடாவின் கியூபெக்கில் இறங்கிய பிரெஞ்சு உர்சுலைன் சகோதரிகளும் அகுஸ்தீன் சபை மருத்துவச் சகோதரிகளும். ஒரே பயணத்தில் வந்தவர்கள். முதலாமவர் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார்கள், மற்றவர்கள் மருத்துவமனையை. உர்சுலைன் தலைவி மரி கியார் கணவனை இழந்தவர், ஒரு மகனுக்குத் தாய். அங்கிருந்த பழங்குடிகளின் அல்கோன்கின், இரோக்வா மொழிகளைக் கற்று அவற்றுக்கு அகராதிகள் எழுதினார். அவர் கியூபெக்கிலிருந்து எழுதிய கடிதங்களைப் பிற்பாடு அச்சில் கொண்டுவந்தவர் அந்த மகன்தான்.