ஊக்கமருந்துச் சோதனையில் ‘சாப்பரோன்’ என்ன செய்வார்?

கேள்வி: கோலாலம்பூரில் கல்லூரியில் படிக்கும் என் மகளை, புக்கிட் ஜாலிலில் நடக்கும் பூப்பந்துப் போட்டிக்குச் ‘சாப்பரோன்’ ஆக வரச் சொல்கிறார்கள். என்ன வேலை அது?

தாராளமாக அனுப்புங்கள். ஊக்கமருந்துச் சோதனைக்குத் தேர்வான வீராங்கனையுடன் கூடவே இருக்கும் துணையாள்தான் ‘சாப்பரோன்’. சிறுநீர் மாதிரியை உங்கள் மகள் தொடவே வேண்டியதில்லை. அது சோதனை அதிகாரியின் பொறுப்பு. ஆட்டம் முடிந்து வரும் வீராங்கனையிடம், சோதனைக்குத் தேர்வான விஷயத்தையும் அவருடைய உரிமைகளையும் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

அந்த நொடியிலிருந்து சோதனை அறைக்குப் போய்ச் சேரும்வரை வீராங்கனை மீதிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. வேலையின் உயிரே இதுதான். பரிசளிப்பு, பத்திரிகையாளர் சந்திப்பு, காயத்துக்குச் சிகிச்சை என எதற்கும் அவர் போகலாம்; கூடவே போக வேண்டும். குளிக்கப் போனாலும் விடக் கூடாது, அதனால்தான் பெண்களுக்குப் பெண்களையே போடுவார்கள்.

அப்புறம் தண்ணீர். குறைந்தது 90 மில்லி சிறுநீர் வேண்டும். வியர்த்துக் கொட்டியவருக்கு அது லேசில் வராது. சீல் உடையாத பாட்டில்கள் பலவற்றைக் காட்டி, வீராங்கனையையே ஒன்றை எடுத்துத் திறக்கச் சொல்ல வேண்டும். மூடியைத் திறந்து கொடுப்பது நம் வீட்டு உபசாரம்தான், ஆனால் இங்கே கூடாது. ‘யாரோ எதையோ கலந்துவிட்டார்கள்’ என்ற பேச்சுக்கே இடம் இருக்கக் கூடாது.

தோற்ற கோபத்தில் ‘வர மாட்டேன்’ என்றால் வாக்குவாதம் வேண்டாம். மறுத்தால் 4 ஆண்டு வரை தடை வரலாம் என்று பணிவாகச் சொல்லிவிட்டு, உடனே அதிகாரியை அழைக்க வேண்டும்.

செல்ஃபி, ஆட்டோகிராப் அறவே கூடாது. யாருக்குச் சோதனை நடந்தது என்று வீட்டிலும் சொல்லக் கூடாது, நீங்களும் கேட்காதீர்கள்.