பகடையைக் கண்டு அஞ்சும் அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

கேள்வி: எனக்கு வயது 16. ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையாக நகர்த்தும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை நண்பர்களுடன் விளையாடுகிறேன். என் நோட்டில் வரைந்திருந்த பூதத்தையும், ‘மந்திரங்கள்’ என்ற பட்டியலையும் பார்த்த அம்மா, இது சாத்தானின் வேலை என்று பகடைகளைப் பூட்டிவைத்துவிட்டார். இறைநம்பிக்கை எனக்கும் உண்டு. நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் அம்மாவின் அச்சம் புதிதன்று. 1974இல் வெளிவந்த இவ்விளையாட்டைப் பேய் வழிபாட்டுடன் இணைத்து 1980களில் அமெரிக்காவில் பெரும் பீதியே கிளம்பியது. சதுரங்கமும்கூட, ஈரானில் 1979 புரட்சிக்குப் பின் தடைசெய்யப்பட்டு 1988இல்தான் மீண்டும் அனுமதி பெற்றது. இந்த வரலாறு உங்கள் மனநிம்மதிக்கு மட்டும். அம்மாவிடம் எடுத்து வீசினால் வாதத்தில் வெல்வீர்கள், பகடை திரும்பி வராது.

அவர் பார்த்தது ஒரு சொல்லையும் ஒரு படத்தையும் மட்டுமே. நீங்கள் ஆடுவதை அவர் பார்த்ததில்லை. ஆகவே விளக்கம் சொல்லாமல், அரைமணி நேரம் அருகில் உட்காரச் சொல்லிக் காட்டுங்கள்: ‘மந்திரம்’ என்பது, இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணுடன் தாளில் உள்ள எண்ணைக் கூட்டி, குறித்த இலக்கை எட்டியதா என்று பார்க்கும் கணக்குத்தான் என்பதை, அவர் கையாலேயே ஒருமுறை உருட்டச் சொன்னால் பத்து நிமிடத்தில் கண்டுகொள்வார்.

அதற்கு முன், எது அவரை உறுத்துகிறது என்று கேட்டு, குறுக்கிடாமல் கேளுங்கள். பூதம் என்று தொடங்கும் பேச்சு, முகம் தெரியாத நண்பர்கள், நள்ளிரவு வரை நீளும் ஆட்டம், தவறிய பிரார்த்தனை என்று வேறிடத்தில் போய் முடிவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவற்றில் நியாயம் இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். நண்பர்களை வீட்டுக்கு அழைத்து வாருங்கள், முடிக்கும் நேரத்தை நீங்களே சொல்லுங்கள், கதையில் பூதத்துக்குப் பதில் கொள்ளைக்கூட்டத்தை வைத்தாலும் ஆட்டத்தின் சுவை குறையாது.

மறைவாக விளையாட வேண்டாம். அகப்பட்டால், ஒளித்துச் செய்ததால் அது தீயதுதான் என்று அவர் முடிவுகட்டிவிடுவார். இவ்வளவுக்குப் பிறகும் அவர் மறுத்தால், ஒரு மாதம் கழித்து மீண்டும் பேசலாமா என்று கேளுங்கள். அவர் மதிக்கும் உறவினரோ சமயப் பெரியவரோ இருந்தால், ஆட்டத்தை நேரில் பார்த்தபின் பேசும்படி அவரை வேண்டிக்கொள்ளலாம். ஆனால் அச்சம் அடியாகவோ, பேயோட்டும் சடங்கிற்கான வற்புறுத்தலாகவோ மாறினால் அது பொழுதுபோக்கைப் பற்றிய பிணக்கு அன்று. தாமதிக்காமல், நீங்கள் நம்பும் ஆசிரியரிடமோ வேறொரு பெரியவரிடமோ சொல்லுங்கள்.