சம்பளமில்லாமல் விமானம் ஓட்டலாமா?

கேள்வி: ஐயா, நான் விசுவமடுவைச் சேர்ந்தவள், வயது 24. இரத்மலானையில் படித்து வர்த்தக விமானி உரிமம் எடுத்துவிட்டேன். கையில் 210 மணிநேரப் பறப்பு அனுபவம் இருக்கிறது. பயிற்சிப் பள்ளியில் மணிக்கு 45,000 ரூபா கட்டினோம். அதற்காக அப்பா ஏ9 வீதியோரக் காணியை விற்றார், இனி மிஞ்சியிருப்பது வயல்தான். என் கலியாணத்துக்கென்று அம்மா சேர்த்த நகை 14 இலட்சத்துக்கு அடைவில் இருக்கிறது, வட்டி ஆண்டுக்கு 15 வீதம். வங்கிக் கடன் 25 இலட்சம், வட்டி 14 வீதம், தவணை ஐந்து ஆண்டு. அடுத்த மாதத்திலிருந்து மாதம் 58,000 ரூபா கட்ட வேண்டும். மிச்சத்தைக் கனடாவில் இருக்கும் மாமா வட்டியில்லாமல் தந்தார்.

விண்ணப்பித்த இடமெல்லாம் அனுபவம் கேட்கிறார்கள். சிறிய விமானங்கள் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், ஓராண்டு சம்பளமில்லாமல் வந்தால் கப்டனுக்குப் பக்கத்தில் அமர்ந்து ‘மாதம் 25 மணிநேரம் வரை’ பறக்கலாம் என்கிறது. மற்ற நேரத்தில் அலுவலக வேலை பார்க்க வேண்டும். அதன்பின் வேலை தந்தால் இரண்டு ஆண்டு விலகக் கூடாது. விலகினால் 15 இலட்சம் கட்ட வேண்டும், அதற்கு அப்பா பிணை நிற்க வேண்டும். தங்குமிடம், சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்ந்து எனக்கு மாதம் 45,000 செலவாகும். இதற்கிடையில் பலாலியிலுள்ள யாழ்ப்பாண விமான நிலையத்தில் தரைப்பணி வேலை ஒன்றும் 65,000 ரூபா சம்பளத்துக்கு வந்திருக்கிறது. சித்தி வீட்டிலிருந்து போய்வரலாம். அனுபவத்துக்காக ஓராண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாமா?

பதில்: மகள், இப்போதுள்ள வடிவில் இந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டாம். பலாலி வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வயலை நம்பி வாழும் ஒரு குடும்பம் தன்னிடமிருந்ததையெல்லாம் உங்கள் உரிமத்தில் போட்டிருக்கிறது.

முதலில் கணக்கைச் சரியாக வைப்போம். வங்கித் தவணையையும் நகை வட்டியையும் இலவச வேலையின் செலவில் சேர்க்கக் கூடாது. நீங்கள் எங்கே வேலை செய்தாலும், வீட்டில் சும்மா இருந்தாலும் அவற்றைக் கட்டத்தான் வேண்டும். இலவச வேலையால் மட்டும் உங்களுக்கு இழப்பாவது இரண்டு. ஒன்று, கையைவிட்டுப் போகும் 65,000 ரூபா சம்பளம். அதோடு ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டும் 12 வீதத்தையும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குக் கட்டும் 3 வீதத்தையும் சேர்த்தால் மாதம் 74,750. மற்றொன்று, வெளியில் தங்கும் செலவு 45,000. இரண்டும் சேர்ந்து மாதம் 1,19,750, ஆண்டுக்கு 14 இலட்சத்து 37 ஆயிரம். இந்த ‘இலவசத்தின்’ விலை அதுதான்.

இனி வரவைப் பார்ப்போம். மாதம் 25 மணிநேரம் முழுமையாகக் கிடைத்தால் ஆண்டுக்கு 300 மணிநேரம். 14 இலட்சத்து 37 ஆயிரத்தை 300ஆல் வகுத்தால் மணிக்கு 4,790 ரூபா. பள்ளியில் மணிக்கு 45,000 கட்டிய உங்களுக்கு இது கொள்ளை மலிவாகத் தெரியும். உங்களைப் போன்ற பிள்ளைகள் இந்த அழைப்புகளுக்கு இணங்குவது அறியாமையால் என்று நான் நினைக்கவில்லை. இந்தக் கணக்கைத்தான் அவர்களும் மனதுக்குள் போட்டுப் பார்க்கிறார்கள்.

ஆனால் அந்த 300 மணிநேரம் உங்கள் பறப்புப் பதிவேட்டில் ஏறுமா? எல்லாம் இந்தக் கேள்வியில்தான் தங்கியிருக்கிறது. விமானத்தின் முன் ஆசனத்தில் அமர்ந்திருந்ததாலேயே அது பறப்பு நேரம் ஆகிவிடாது. பல சிறிய விமானங்கள் ஒரே விமானி ஓட்டலாம் என்று சான்று பெற்றவை. அப்படிப்பட்ட விமானத்தில், துணை விமானி கட்டாயம் என்று அரசின் விதி சொல்லாத பறப்பில் நீங்கள் அமர்ந்திருந்தால், ஏட்டளவில் நீங்கள் ஒரு பயணிதான். துணை விமானி வேண்டும் என்று விதி சொன்னாலும், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் உரிம விதிகளின்படி, ஒற்றை விமானி விமானத்தில் துணை விமானியாகப் பறந்த நேரத்தில் பொதுவாக 50 வீதத்துக்கு மேல் மேல்நிலை உரிமத்துக்குக் கணக்கில் எடுக்கப்படாது. அந்த விமானம் துணை விமானிக்குரிய வசதிகளோடு, இருவர் இயக்கும் முறையில் இயங்கினால் மட்டுமே முழு நேரத்தையும் ஏற்க நாட்டின் சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கு இடமிருக்கிறது. பாதிதான் ஏறும் என்றால் மணிக்கு 9,580 ரூபா. எதுவுமே ஏறாது என்றால், 14 இலட்சத்து 37 ஆயிரம் கொடுத்து ஓராண்டு ஜன்னலோர ஆசனம் வாங்கியிருப்பீர்கள்.

இதை இன்னும் ஒரு படி யோசித்துப் பாருங்கள். அந்தப் பறப்புக்குத் துணை விமானி கட்டாயம் என்றால், நீங்கள் இல்லாமல் அந்த விமானம் பயணிகளோடு கிளம்ப முடியாது. பயணி கொடுக்கும் கட்டணத்தில் உங்கள் உழைப்பும் இருக்கிறது. அது முழுமையான வேலை, அதற்குச் சம்பளம் தரவேண்டும். துணை விமானி கட்டாயமில்லை என்றால், சம்பளம் தராததற்கு ஒரு காரணமாவது இருக்கிறது, ஆனால் உங்களுக்கு வேண்டிய மணிநேரம் அங்கே கிடையாது. இரண்டில் எது உண்மையானாலும் சம்பளமில்லாத ஓராண்டுக்கு நியாயம் இல்லை. வயலில் அருவி வெட்ட, அதாவது நெல் அறுக்க, புதிதாக வந்தவனுக்கும் நம் ஊரில் கூலி உண்டு, பழகட்டும் என்று யாரும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

‘மணிநேரம்தான் உன் சம்பளம்’ என்று நிறுவனம் சொல்லலாம். அந்தப் பேச்சில் ஓரளவு உண்மை உண்டு. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமே, தனியார் விமானி உரிமம் உள்ளவர் செலவில்லாமல் சேர்க்கும் பறப்பு நேரத்தை ஒருவகை ஊதியமாகக் கருதிவந்திருக்கிறது. அது ஊதியம்தான் என்றால், ஊதியத்தைப் போலவே அளவும் உறுதியும் எழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இருப்பது ‘25 மணிநேரம் வரை’. இரண்டு மணிநேரம் பறக்க விட்டாலும் அவர்கள் சொன்ன சொல் தவறவில்லை! அலுவலக வேலைக்கு மட்டும் அப்படியொரு ‘வரை’ இல்லை. அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது என்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. இந்த நாட்டில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டிருக்கிறது. ‘பயிற்சியாளர்’ என்று பெயர் வைத்துவிட்டால் அலுவலக வேலையை இலவசமாக வாங்கலாமா என்பதை, ஒப்பந்தத்தின் பிரதியோடு மாவட்டத் தொழில் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

பணத்தைத் தாண்டி ஒன்று சொல்ல வேண்டும். 2009 பெப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் எயார் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் துணை விமானி ஓர் இளம்பெண், ஆண்டு வருமானம் சுமார் 16,000 டொலர் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. வேலை செய்யும் நகரில் வீடெடுத்துத் தங்கப் போதாத வருமானம். பெற்றோரோடு நாட்டின் மறுகரையில் வசித்து, முதல்நாள் இரவு முழுவதும் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். விபத்துக்கு முதற்காரணம் கப்டன் விமானத்தைக் கையாண்ட விதம் என்றே விசாரணை முடிவு சொன்னது. ஆனாலும் சம்பளமும் களைப்பும் அங்கே பெரிய பேச்சாயின. அந்த விபத்துக்குப் பின்னர்தான் அமெரிக்க விமான சேவைகளில் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணிநேரம் வேண்டும் என்ற விதி வந்தது. காசில்லாமல், சரியான தூக்கமில்லாமல், ‘இவர்கள் கோபித்தால் என் மணிநேரம் போய்விடும்’ என்ற பயத்தோடு அமர்ந்திருப்பவர், கப்டன் தவறு செய்யும்போது வாய்திறந்து சொல்வது கடினம். துணை விமானியின் வேலையில் பாதி அப்படிச் சொல்வதுதான்.

பிணைக்கு வருகிறேன். அப்பா எதிலும் கையொப்பமிடக் கூடாது. ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான விலை கூடிய பயிற்சிக்கு (விமான வகைப் பயிற்சி) நிறுவனம் காசு செலவழித்தால், அதை மீட்க ஒப்பந்தம் கேட்பது உலகெங்கும் வழக்கம்தான். இங்கே அவர்கள் உங்களுக்காகச் செலவழித்தது என்ன? வன்னியில் பல குடும்பங்களின் காணி இன்னும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்ற முடியாது. ஆகவே மிஞ்சியிருக்கும் வயலை விற்று 15 இலட்சம் கட்டிவிடலாம் என்று அப்பா மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தால், அது நடக்காமலே போகலாம். ஏ9 காணி உறுதிப்பத்திரம் உள்ள சொந்தக் காணியாக இருந்ததால் விற்க முடிந்திருக்கும். வயல் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

காப்புறுதியையும் எடுத்துப் படியுங்கள். கட்டணம் செலுத்திய பயணியாக அல்லாமல் வேறு விதத்தில் விமானத்தில் ஏறினால் இழப்பீடு இல்லை என்ற வரி பல ஆயுள் காப்புறுதிகளில் உண்டு. வங்கிக் கடனோடு சேர்த்து எடுத்த காப்புறுதியிலும் அது இருக்கலாம். ஊழியர் என்று காட்ட ஒரு கடுதாசியும் இல்லாத நிலையில் உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால், கடன் முழுவதும் அப்பா அம்மாவின் தலையில் விழும். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதாமல் விட முடியாது.

சரி, பலாலி வேலையை எடுத்தால் கடனைக் கட்ட முடியுமா? சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதம் கழிந்தால் கைக்கு 59,800 வரும். வங்கிக்கு 58,000, நகை வட்டிக்கு 17,500, மொத்தம் 75,500. மாதம் 15,700 துண்டு விழுகிறது. முதல் தவணை தொடங்கும் முன்பே நியமனக் கடிதத்தோடு வங்கிக்குப் போய்த் தவணையை எட்டு ஆண்டாக நீட்டித் தரும்படி கேளுங்கள். தவறிய பிறகு கேட்பவருக்கும் தவறும் முன் கேட்பவருக்கும் வங்கி காட்டும் முகம் வேறு. இதே வட்டியில் எட்டு ஆண்டென்றால் தவணை 43,400 அளவுக்கு இறங்கும். நகை வட்டியோடு 60,900. சம்பளத்துக்கு மேல் ஆயிரத்துச் சொச்சம்தான், சித்திக்குக் கொடுப்பதையும் கைச்செலவையும் கொஞ்சக் காலத்துக்குக் காலபோக நெல் தாங்க வேண்டும். இதற்கு விலை உண்டு: கடைசிவரை எட்டு ஆண்டும் கட்டினால் மொத்த வட்டி ஏறத்தாழ ஆறே முக்கால் இலட்சம் கூடும். அதனால் விமானி வேலை கிடைத்ததும் முன்கூட்டிக் கட்டி முடிக்கலாமா, அதற்குத் தண்டம் உண்டா என்பதையும் அதே நாளில் கேட்டு வையுங்கள். நகை வட்டியை மட்டும் ஒரு தவணையும் பிந்த விடாதீர்கள், ஏலத்துக்குப் போனால் மீட்க முடியாது.

உரிமம் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும். முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழை உங்கள் வயதில் 12 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பயணிகளோடு பறக்க, முந்தைய 90 நாளில் விமானத்தை மூன்று முறை மேலேற்றித் தரையிறக்கியிருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு மணிநேரம் பறந்தாலும் ஆண்டுக்கு 2 இலட்சத்து 70 ஆயிரம் ஆகும். மாமாவிடம் இன்னும் ஏதாவது கேட்பதாக இருந்தால் இதற்குக் கேளுங்கள், அடுத்ததாகப் பயிற்றுநர் தகுதிக்குக் கேளுங்கள். புதிய விமானிகள் மணிநேரம் சேர்க்கும் வழிகளில் நான் மதிப்பது அதைத்தான். மாணவருக்குக் கற்றுக்கொடுக்கும் நேரம் உங்கள் பதிவேட்டில் ஏறும், அதற்குக் கூலியும் கிடைக்கும். பெரிய விமான வகைப் பயிற்சிக்கு டொலரில் கட்டுவதை இப்போது நினைக்கவே வேண்டாம். 2022இல் டொலர் சில மாதங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனதை நாம் எல்லோரும் அனுபவித்தோம்.

அந்த நிறுவனத்தோடு உறவை முறிக்க வேண்டியதில்லை. மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். இரண்டு மூன்று வாரம் சம்பளமில்லாமல் வந்து பார்த்துப் பழகத் தயார் என்று சொல்லுங்கள், அவ்வளவு காலம் நான் ஒப்புக்கொள்வேன். ஓராண்டென்றால் மாதச் சம்பளம், ‘வரை’ என்ற சொல் இல்லாத குறைந்தபட்ச மணிநேரம், மாத முடிவில் பதிவேட்டில் கப்டனின் கையொப்பம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அதே நாளில், விமானத்தின் வகையையும் பறப்பின் தன்மையையும் குறிப்பிட்டு, அந்த ஆசனத்தில் சேரும் நேரம் எவ்வளவு கணக்கில் எடுக்கப்படும் என்று கட்டுநாயக்காவிலுள்ள சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கும் எழுதுங்கள். அவர்களின் எழுத்து மூலமான பதில் வரும்வரை பலாலியில் வேலையைத் தொடங்குங்கள்.