ஐயரம்மா பதில்கள்: நீட் கோச்சிங், பவுன் கணக்கு, தொலைந்துபோன வாக்குத்தத்த அட்டை

(நெல்லைச் சீமையின் பல சேகரங்களில் (சபை வட்டாரங்களில்) ஐயரின், அதாவது சபைப் போதகரின், மனைவியாகக் குருமனை வாழ்க்கை வாழ்ந்து, இப்போது பாளையங்கோட்டையில் ஓய்விலிருக்கும் ஐயரம்மா, வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் 'கர்த்தருக்கு முதலிடம்' பற்றியவை.)

கேள்வி: மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஞாயிறு காலையில் நீட் கோச்சிங் இருப்பதால் போன வருஷத்திலிருந்தே கோயிலுக்கு வருவதில்லை. சீட் கிடைத்தால் அவனுடைய முதல் சம்பளத்தைக் கர்த்தருக்குக் கொடுப்பதாகப் பொருத்தனை பண்ணியிருக்கிறேன். ஆனாலும் மனசு உறுத்துகிறது. - ஒரு தாய், சாத்தான்குளம்

பதில்: சம்பளம் வாங்கப்போகிறவன் அவன், நேர்ந்துகொண்டது நீங்கள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா அம்மா?

கோச்சிங் போவது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். நீட் தேர்வே மே மாத ஞாயிற்றுக்கிழமையில்தான் வைக்கிறார்கள். அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் உட்கார வையுங்கள் என்று எந்த ஐயரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. மார்ச் மாதம் வந்தால் குருமனை வாசலில் ஹால் டிக்கெட்டோடு பிள்ளைகள் நிற்பார்கள். ஐயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள். ரிசல்ட் வந்த அன்று, மார்க் வாங்கின வீட்டிலிருந்து கேக் வரும். மார்க் குறைந்த வீட்டார் மாசக்கணக்கில் கோயில் பக்கம் தலைகாட்டமாட்டார்கள். பெயிலானவன்கூட வந்துவிடுவான், அவன் அம்மா வரமாட்டாள். நாலு பேர் முகத்தில் விழிக்க வெட்கம். கர்த்தருடைய இடத்தைப் பிடித்த விக்கிரகம் உட்கார்ந்திருந்தது அங்கேதான், கோச்சிங் கிளாஸில் அல்ல.

பைபிளில், சீலோ என்ற ஊரில் ஏலி என்ற ஆசாரியன் இருந்தான். அவன் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் பலியிட வந்தவர்களிடம் இறைச்சியைப் பறித்துத் தின்றார்கள். ஏலி கண்டிக்காமல் இல்லை. 'வேண்டாம் பிள்ளைகளே' என்று வாயால் சொன்னான், அதற்குமேல் கையை நீட்டவில்லை. என்னைவிட உன் மகன்களை ஏன் பெரிதாக மதித்தாய் என்று கர்த்தர் அவனிடம் கேட்கவேண்டி வந்தது. இத்தனைக்கும் ஏலி கெட்டவன் அல்ல, பிள்ளைப்பாசம் மிஞ்சிப்போனவன்.

உங்கள் ஊர்க் கோயிலில் விடியற்காலை ஆராதனை இருந்தால் அதற்கு எழுப்பிவிடுங்கள். இல்லையென்றால் ராத்திரிக் குடும்ப ஜெபத்தில் அவனை உட்கார வையுங்கள், அந்த ஜெபத்தில் 720 என்ற நீட் முழு மார்க் வரவேண்டாம். சீட் கிடைக்காவிட்டாலும் இந்த வீட்டில் அவனுக்கு ஒரு மதிப்பும் குறையாது என்பதை ரிசல்ட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பான்.

கேள்வி: எனக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். "நாம் கேட்கவில்லை, அவர்களாகத்தான் போடுகிறார்கள். தேவன் கொடுத்த ஆசீர்வாதத்தை வேண்டாம் என்பாயா?" என்கிறார் அம்மா. - மென்பொருள் ஊழியர், சென்னை

பதில்: கேட்கவே இல்லையென்றால், எத்தனை பவுன் என்பது உங்கள் அம்மாவுக்கு எப்படித் தெரியும் தம்பி?

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கும்பிட்ட பொன் கன்றுக்குட்டியைச் செய்ய மோசேயின் அண்ணன் ஆரோன் கேட்டது காதணிகளைத்தான். அந்தப் பொன் எங்கிருந்து வந்தது? எகிப்தை விட்டுப் புறப்படும்போது, எகிப்தியர் கண்களில் கர்த்தர் தயவு கிடைக்கப்பண்ணியதால் வந்தது. தேவன் கொடுத்த பொன்தான் கன்றுக்குட்டியாகி நின்றது. ஆகவே அம்மா சொல்கிற நியாயம் இங்கே செல்லாது. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும்போது, இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது தடை உண்டா என்று ஐயர் கேட்பார். பவுன் கணக்கு இன்னும் முடியவில்லை என்று எழும்பிச் சொல்ல எவருக்கும் தைரியம் வராது. நீங்கள் ஓலைக்கு முன்னாலேயே பெண்ணின் அப்பாவுக்கு நேராக போன் பண்ணி, நகை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அம்மா ஒரு மாதம் பேசமாட்டார், பிறகு பேசுவார்.

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் எடுத்த, பைபிள் வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையைப் பர்ஸில் வைத்திருந்தேன். பஸ்ஸில் பர்ஸ் போயிற்று. அதிலிருந்து எல்லாமே தடையாக இருக்கிறது. ஜெபித்துக் கொடுத்த எண்ணெய்க் குப்பியும் காலியாகிவிட்டது. வேறு அட்டை வாங்கலாமா? - வாசகி, கோவில்பட்டி

பதில்: தொலைந்தது அட்டைதானே தங்கச்சி. வசனம் பைபிளில் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து, அட்டைகளைக் கவிழ்த்து வைத்த தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன். ஒரு அம்மா வந்து ஒன்றை எடுத்தார். 'உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு' என்று இருந்தது. 'ஆனாலும் திடன்கொள்ளுங்கள்' என்ற அடுத்த வரிக்குக் கண் போகவில்லை. சட்டென்று அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதில் 'உன்னை ஆசீர்வதிப்பேன்' என்று வந்தது. சிரித்த முகமாக ஹேப்பி நியூ இயர் சொல்லிவிட்டுப் போனார். லாட்டரிச் சீட்டில்கூட இந்த வசதி கிடையாது! அச்சடிக்கிறவர்களையும் சொல்லவேண்டும். யோபு தன் பிறந்தநாளைச் சபித்த வசனத்தை அட்டையில் போட்டு விற்றவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

2 இராஜாக்கள் 18-ஐ எடுத்து வாசியுங்கள். வனாந்தரத்தில் பாம்பு கடித்தவர்கள் நோக்கிப் பார்த்துப் பிழைக்க மோசே ஒரு வெண்கலச் சர்ப்பத்தைச் செய்தான். அது பாகாலின் சிலை அல்ல, கர்த்தரே செய்யச் சொன்னது, உண்மையிலேயே உயிர்களைக் காத்தது. நன்றியோடுதான் பத்திரப்படுத்தியிருப்பார்கள். பல நூறு வருஷம் கழித்து எசேக்கியா ராஜா பார்த்தபோது, ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் அதை உடைத்துப்போட்டான். என்னை அதிகம் பயமுறுத்துகிற இடம் இதுதான். அந்நிய தெய்வத்தின் சிலையை உடைக்க எவனும் முன்வருவான், ஆண்டவர் கொடுத்த சாமானை உடைக்கத்தான் கை நடுங்கும். உடைத்ததால் நஷ்டம் ஒன்றும் வரவில்லை. பிற்பாடு இயேசு நிக்கொதேமுவிடம் தம் சிலுவையைப் பற்றிப் பேசியபோது அந்தச் சர்ப்பத்தைத்தானே எடுத்துச் சொன்னார்.

அட்டை வாங்கவேண்டாம். குப்பியைக் கழுவி சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மனைவிக்குச் செவ்வாய் உபவாச ஜெபம், வெள்ளி இராத்திரி ஜெபம், சனி ஊழியம். என் அம்மா படுத்த படுக்கை. கேட்டால் "எனக்குக் கர்த்தர்தான் முதல்" என்கிறாள். - வாசகர், நாசரேத்

பதில்: அப்பா அம்மாவுக்குக் கொடுக்கவேண்டியதை, 'இது தேவனுக்கென்று காணிக்கையாகிவிட்டது' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு சும்மா விடவில்லை. மாற்கு 7-ஆம் அதிகாரம். உங்கள் மனைவியிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. படுக்கையில் இருப்பது உங்கள் அம்மா. கஞ்சி ஊட்ட, துணி மாற்ற உங்களுக்குக் கை இல்லையா? செவ்வாயும் வெள்ளியும் நீங்கள் பாருங்கள், மற்ற நாளைப் பற்றி அப்புறம் அவளிடம் பேசலாம்.

கேள்வி: பீடி சுற்றிப் பிழைக்கிறேன். கோயில் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும்போது ஒரு தேங்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுக்கிறவர்களைப் பார்த்தால் என் பக்தி சின்னதாகத் தெரிகிறது. - வாசகி, முக்கூடல்

பதில்: அந்த ஏலத்தில் பாதி பக்தி, பாதி இரண்டு குடும்பத்துக்கு இடையிலான வீம்பு. ஐயர் கேட்டால் கோபப்படுவார், ஆனாலும் எழுதிவிட்டேன்.

1903-இல் நம் நெல்லைச் சபையார் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு தேசத்து டோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். முன்நின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளை அசரியா. 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனாரே, அவர்தான். நம் பெண்கள் ஊழியத்துக்குக் கொடுத்தது கைப்பிடி அரிசி. உலையில் போடுமுன் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடுவார்கள். சமைத்து மிஞ்சினதிலிருந்து அல்ல, முதலிலேயே. அன்றைக்கு வீட்டில் ஒருவருக்கு ஒரு கவளம் குறைந்திருக்கும். தேங்காய் எடுத்த ஆளுக்கு என்ன குறைந்தது என்று யோசியுங்கள்.

கேள்வி: ஐபிஎல் வந்தால் ஞாயிறு சாயங்கால வாலிபர் கூடுகைக்கு ஆளே வருவதில்லை. கிரிக்கெட் விக்கிரகம்தானே? - வாலிபர் சங்கச் செயலாளர்

பதில்: கூடுகை எத்தனை மணிக்கு? ஏழரைக்கு என்றால் ஐந்தரைக்கு மாற்றுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் பேச்சாளரை மாற்றுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது விக்கிரகத்தைப் பற்றிப் பேசலாம்.